பார்ப்லா இறங்கிய நிலையங்கள்

எங்கள் கணவாயைத் தாண்டிப் போகும் சிவப்பு ரயிலில் ஏற ஜப்பானிலிருந்து வருகிறார்கள், பிரேசிலிலிருந்து வருகிறார்கள். ஏறியதிலிருந்து இறங்கும்வரை ஜன்னலில் மூக்கை ஒட்டவைத்துக்கொண்டு படம் பிடிக்கிறார்கள். என் எதிர்வீட்டு பார்ப்லா பெட்சோலா அந்த ரயிலடியிலிருந்து ஆறு நிமிட நடையில் பிறந்து வளர்ந்தவள். கணவாயின் அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று அறுபத்தாறு வயதுவரை அவள் பார்த்ததில்லை.

உயரம் என்றால் அவளுக்கு ஆகாது. நாற்காலியில் ஏறி பல்பு மாற்றக்கூட என்னைத்தான் கூப்பிடுவாள். இதில் வேடிக்கை, அவள் முப்பது வருடம் பார்த்த வேலை ரோப் காருக்கு டிக்கெட் கொடுப்பது. தினமும் எங்கள் ஊர் போன்ட்ரெசீனாவில் ரயில் ஏறி, மலையடிவாரத்தில் இறங்கி, கவுண்டரில் உட்கார்ந்து ஊர் உலகத்தையே மூவாயிரம் மீட்டர் உயரத்துக்கு அனுப்பிவைப்பாள். "மேல போனதும் இடது பக்கம் நில்லுங்க, பனியாறு நல்லாத் தெரியும்" என்று யோசனை வேறு சொல்வாள். எல்லாம் இறங்கி வந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது. அவள் ஒரு நாளும் ஏறியதில்லை. ஓய்வு பெறும் நாளன்று சக ஊழியர்கள் பூங்கொத்தோடு மேலே ஒரு விருந்து வைத்தார்கள். பூங்கொத்தை மட்டும் கீழே அனுப்பச் சொன்னாள்.

நான் தூரி. முப்பத்தொரு வருடம் தபால் துறையின் பயணிகள் பேருந்து ஓட்டியவன், அதுவும் மலோயா கணவாயின் கொண்டை ஊசி வளைவுகளில். எனக்கு ரயில்காரர்கள் மேல் பெரிய மரியாதை கிடையாது. தண்டவாளம் போகிற பக்கம் போவதற்கு என்ன பெரிய திறமை வேண்டும்? ஆனால் பார்ப்லாவுக்குப் பேருந்து ஏறினால் மூன்றாவது வளைவில் குமட்டும், காரிலும் அதே கதைதான். ஆக அவளுக்கு இருந்த ஒரே வழி ரயில். அந்த ரயிலோ கணவாயைத் தாண்டியதும் ஆயிரத்துச் சொச்சம் மீட்டர் பள்ளத்தில் சுற்றிச் சுற்றி இறங்கும்.

அந்தப் பள்ளத்தின் அடியில், போஸ்கியாவோவில், அவளுடைய ஒரே மகள் செராய்னா இருந்தாள். எட்டு வருடத்துக்கு முன் அந்த ஊர் லீவியோ கிராமெரி என்ற தச்சனைக் கட்டிக்கொண்டு போனவள். கல்யாணம் அங்கேதான் நடந்தது. நாங்கள் எல்லோரும் முதல் நாளே காரில் போய்விட்டோம். பார்ப்லா மறுநாள் காலை ரயிலில் வருவதாகச் சொன்னாள், வரவில்லை. வயிறு சரியில்லை என்று தொலைபேசியில் செய்தி வந்தது. ஆனால் அன்று சாயங்காலம் அவள் வாசலில் உட்கார்ந்து வால்நட் உடைத்துக்கொண்டிருந்ததை யாரோ பார்த்து, அது செராய்னாவின் காதுக்கும் போய்விட்டது. எங்கள் மொழி பேசாமல் இத்தாலியன் பேசுகிற தச்சனை அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்று அவள் முடிவுகட்டினாள். ஊரும் அப்படியே நினைத்தது. உண்மையைச் சொன்னால் நானும்தான். அப்பா இல்லாத பிள்ளை மேடையில் தனியாக நின்ற காட்சி என் கண்ணிலேயே இருந்தது. இரண்டு மாதம் பார்ப்லாவோடு நான் பேசவில்லை.

அதற்குப் பிறகு செராய்னா வருடத்துக்கு இரண்டு தடவை வருவாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் காப்பி குடித்துவிட்டுப் போவாள்.

எட்டு வருடம் கழித்து, போன அக்டோபரில் அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஃப்ளூரின் என்று பெயர். பிப்ரவரி கடைசி ஞாயிறு காலை பத்தரைக்கு அங்கே கோவிலில் ஞானஸ்நானம் என்று சொல்வதற்காக அம்மாவைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். தான் வருவதாக பார்ப்லா வாயைத் திறப்பதற்குள் மகள் மறித்துவிட்டாளாம்.

"வரேன்னு மட்டும் சொல்லாதீங்கம்மா. வந்தா வாங்க. நான் எதிர்பார்த்து நிக்க மாட்டேன்."

இதைச் சொல்லும்போது பார்ப்லா அழவில்லை. பழைய நாள்காட்டித் தாள் ஒன்றின் முதுகில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு வந்து என் சமையலறை மேசையில் விரித்தாள். அவளுடைய ரோப் கார் நிலையத்துக்கு அப்பால் ஐந்து நிலையங்கள்: லகால்ப், கணவாய் உச்சியில் ஒஸ்பீட்ஸியோ, அப்புறம் ஆல்ப் க்ரூம், கவாலியா, கதேரா. அதற்கு அடுத்தது போஸ்கியாவோ. ஞானஸ்நானத்துக்கு முன் பதினைந்து வியாழக்கிழமைகள். ஒரு நிலையத்துக்கு மூன்று வியாழன். முதல் தடவை மலைப்பக்க இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டு, இரண்டாம் தடவை அதே இருக்கையில் கண்ணைத் திறந்துகொண்டு, மூன்றாம் தடவை பள்ளத்துப்பக்க இருக்கையில். ஒவ்வொரு தடவையும் அந்த நிலையத்தில் இறங்கி, எதிர்வண்டி பிடித்து வீடு திரும்ப வேண்டும். அந்த வழியில் பல நிலையங்கள் கேட்டால்தான் நிற்பவை. கதவருகே இருக்கும் பொத்தானை அழுத்தினால் ஓட்டுநர் நிறுத்துவார், இல்லையென்றால் போய்க்கொண்டே இருப்பார். பார்ப்லாவின் திட்டமே அந்தப் பொத்தானை நம்பித்தான் இருந்தது.

"பதினஞ்சு வியாழன், அஞ்சு ஸ்டேஷன். வகுத்தா மிச்சமே இல்ல பாரு," என்றாள்.

"ஒண்ணரை மணி நேரத்துப் பயணத்துக்கு நாலு மாசம் திட்டமா? எவரெஸ்ட் ஏறறவன்கூட இவ்வளவு போட மாட்டான்."

"அவனுக்குப் பயமில்ல, போட மாட்டான். எனக்கு இருக்கு. நீ டைம் மட்டும் சரியாப் பார்த்துச் சொல்லு."

பார்த்துச் சொன்னேன். ஆனால் மனசுக்குள், லகால்பிலேயே திரும்பிவிடுவாள் என்று எனக்கு நானே பந்தயம் கட்டிக்கொண்டேன்.

தோற்றேன். நவம்பரில் மூன்று வியாழன் லகால்ப் முடிந்தது. அடுத்த மூன்று வியாழன் ஒஸ்பீட்ஸியோ. அந்த நிலையத்துக்கு முதல் தடவை போய் வந்த அன்று மட்டும் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. என்ன ஆச்சு என்று கேட்டேன். அங்கே காற்று அதிகம் என்றாள். கிறிஸ்துமஸ் வந்தது, புது வருடம் வந்தது, ஜனவரி நடுவில் ஆல்ப் க்ரூமும் முடிந்தது. தாளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறுக்குக் கோடு. ஒன்பது கோடுகள் ஆனதும் ஊரில் பேச்சு வேறு கிளம்பியது, பார்ப்லாவுக்கு ரயில்வேயில் யாரோ சிநேகிதன் இருக்கிறான் என்று. அதைக் கேட்டு அவள் வயிறு குலுங்கச் சிரித்தாள்.

பத்தாவது வியாழனில் எல்லாம் நின்றது. ஆல்ப் க்ரூமிலிருந்து வண்டி கவாலியாவுக்குக் கிளம்பும் நேரம், கதவு மூடப்போகும் சத்தம் கேட்டதும் எழுந்து வெளியே போய்விட்டாள். பதினொன்றாவது வியாழனும் அப்படியே. பன்னிரண்டாவதும் அப்படியே. மூன்று வாரம் அந்தத் தாளில் ஒரு கோடுகூட விழவில்லை. அவள் அதை மடித்து அலமாரியில் வைக்கவுமில்லை, தன் மேசையிலேயே விரித்துப் போட்டிருந்தாள். நான் போகும்போதெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"உயரம் மட்டும்னா சமாளிச்சிருவேன், தூரி. மலைப்பக்கமா உட்காருறேன் இல்ல? வண்டி கிளம்பி ரெண்டாவது நிமிஷம் சுத்தித் திரும்புதாம். பள்ளம் என் பக்கம் வந்துருமாம். கார்டு சொன்னாரு. அப்ப நான் எங்க போறது?"

அட, இது எனக்குத் தெரிந்த சங்கதி. வளைவுகளைப் பற்றி என்னிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது? அடுத்த வண்டியிலேயே ஏறி, ஆல்ப் க்ரூமிலிருந்து கவாலியாவரை ஒவ்வொரு வளைவையும் பென்சிலால் வரைந்துகொண்டு வந்தேன். எந்த வளைவில் பள்ளம் எந்தப் பக்கம், எத்தனை நிமிடம் என்று குறித்தேன். ரயில் வளைவுக்காக என் வாழ்நாளில் நான் செலவழித்த ஒரே மதியம் அதுதான்.

பதின்மூன்றாவது வியாழன் இருவருமாகப் போனோம். நான் தாளைப் பார்த்து "இப்ப" என்றால் அவள் எழுந்து எதிர்ப்பக்க இருக்கைக்குப் போவாள். மறுபடி "இப்ப" என்றால் திரும்பி வருவாள். எதிரே உட்கார்ந்திருந்த கொரியாக்காரத் தம்பதி, நல்ல காட்சி வருகிற பக்கம் இந்த அம்மாவுக்குத் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டு அவளோடு சேர்ந்து எழுந்து எழுந்து மாறினார்கள். அவர்களுக்குக் கடைசிவரை பாறைதான் தெரிந்தது, பாவம். கவாலியாவில் பொத்தானை அழுத்தி இறங்கிவிட்டாள். அன்றைக்குக் கோடு போட்டதில் தாளே கிழிந்தது. பதினான்காவது வியாழன் அதே ஆட்டம், கண்ணைத் திறந்துகொண்டு.

பதினைந்தாவது வியாழன், ஞானஸ்நானத்துக்கு மூன்று நாள் முன்பு, பள்ளத்துப் பக்கம் உட்கார்ந்தாள். மாறவே இல்லை. ஜன்னல் கம்பியை மட்டும் விடாமல் பிடித்திருந்தாள், அவ்வளவுதான். கவாலியா நெருங்கியதும் வழக்கம்போலப் பொத்தானை அழுத்தினாள். அழுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"தூரி, இன்னைக்கு எனக்கு ஒண்ணும் பண்ணலே. கதேரா வரைக்கும் போயிரலாம்போல இருக்கு."

"அப்ப உட்காரு."

"அழுத்திட்டேனே."

வண்டி நின்றது. அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். வேறு வழியில்லாமல் நானும் இறங்கினேன். வண்டி போய்விட்டது. இடுப்பளவு பனி, எதிர்வண்டி வர நேரம் இருந்தது, என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. நாலு மாதமாக எதற்காக உயிரைக் கொடுத்தாளோ அது கைக்கு வந்த நிமிடத்தில் இறங்கிப் போகிறாளே என்று கண்டபடி கத்தினேன்.

"அந்த ஆளு எனக்காக வண்டியை நிறுத்திட்டாரு. நிறுத்தினப்புறம் இறங்காம உட்கார்ந்திருந்தா, அவரு என்ன நினைப்பாரு?" என்றாள். "கல்யாணத்தன்னைக்கும் இதேதான்."

அப்புறம் சொன்னாள். எட்டு வருடத்துக்கு முன் அந்தக் காலையில், நல்ல உடை உடுத்தி, மடியில் வால்நட் கேக்கோடு, தனியாக ஏறியிருக்கிறாள். ஒஸ்பீட்ஸியோ வரும்போது நெஞ்சு அடைத்துப் பொத்தானை அழுத்திவிட்டாள். வண்டி வேகம் குறைந்து நிற்பதற்குள் அடைப்பு விட்டுவிட்டது. போயிருக்கலாம். ஆனால் அவள் ஒருத்திக்காக முழு வண்டியும் நின்றது. பெட்டியில் இருந்தவர்கள் யார் இறங்குவது என்று பார்த்தார்கள். வெட்கம் பிடுங்கித் தின்ன இறங்கிவிட்டாள். ஒரு மணி நேரம் கழித்து வந்த வண்டிக்குக் கையைத் தூக்க அவளுக்குத் தெம்பில்லை. எதிர்வண்டி பிடித்து வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

"வண்டி நிக்கறதுக்குள்ள பயம் போயிருச்சு தூரி. மானத்துக்குப் பயந்துதான் இறங்கினேன். இதைப் போய் எந்த மகள்கிட்ட சொல்றது? வயித்து வலின்னா மரியாதையா இருக்கும்னு சொல்லிட்டேன்."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. முப்பத்தொரு வருடம் பேருந்து ஓட்டியவன் நான். பொத்தானை அழுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தவர்களைக் கண்ணாடி வழியாக ஒவ்வொரு தடவையும் முறைத்திருக்கிறேன். ஒருத்தரிடம் "யார் அழுத்தினது?" என்று கதவைத் திறந்துவைத்துக்கொண்டு இரண்டு நிமிடம் விசாரணை நடத்தியிருக்கிறேன். பார்ப்லாவை அன்று ஒஸ்பீட்ஸியோவில் இறக்கிவிட்டது பயம் இல்லை, என்னைப் போன்றவர்களின் அந்தப் பார்வைதான். கூச்சமாக இருந்தது, அவளிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சனிக்கிழமை முழுக்கப் பனி கொட்டி, சாலையை மூடிவிட்டார்கள். ரயில் மட்டும் ஓடியது. நான் கருப்புக் கோட்டு போட்டுக்கொண்டு போனேன். பார்ப்லா மடியில் மறுபடியும் வால்நட் கேக். கதேரா பாக்கி இருக்கிறது, பயிற்சியே இல்லாத தூரம், ஆனாலும் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. பள்ளத்துப்பக்க இருக்கையில் போய் உட்கார்ந்தாள். இந்த வண்டியில் போனால் பத்தேகாலுக்குப் போஸ்கியாவோ, கோவில் ஐந்து நிமிட நடை. விட்டால் அடுத்த வண்டி ஒரு மணி நேரம் கழித்து. இது எங்கள் இருவருக்கும் மனப்பாடம்.

ஆல்ப் க்ரூமைத் தாண்டி, பெரிய வளைவின் நடுவில் வண்டி நின்றுவிட்டது. முன்னால் பனி தள்ளுகிறார்கள் என்று அறிவித்தார்கள். ஓடுகிற வண்டியில் பள்ளம் கடந்து போகும். நிற்கிற வண்டியில் அது அப்படியே கீழே வாயைத் திறந்துகொண்டு இருக்கும். பன்னிரண்டு நிமிடம் நின்றோம். அவளோடு பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன், காது கேட்காதவள்போல இருந்தாள். வண்டி கிளம்பியதும் சடாரென்று எழுந்து கதவருகே போனாள். நான் எழுவதற்குள் பொத்தானை அழுத்திவிட்டாள். மேலே விளக்கு எரிந்தது.

வளைவுகள் ஒவ்வொன்றாகப் போயின. கவாலியாவின் கூரைகள் தெரிந்தபோது அவள் முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. எனக்கு அந்த முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது, பயம் போய்விட்டது. வண்டி வேகம் குறைந்தது. பெட்டியில் இருந்த ஏழெட்டுப் பேர் தலையைத் தூக்கி, யார் இறங்குவது என்று பார்த்தார்கள். பார்ப்லா கேக்கை மார்போடு அணைத்துக்கொண்டு கதவின் முன் நின்றாள். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. கையால் துடைக்கக்கூட இல்லை.

உட்காரு என்று சொன்னால் கேட்க மாட்டாள் என்பது மூன்று நாள் முன்பே தெரிந்ததுதான். இந்த ஊரில் வண்டி நின்றால் ஒருத்தர் இறங்கியாக வேண்டும். கதவு திறந்தது. நான் அவளைத் தோளால் ஒதுக்கிவிட்டு இறங்கினேன்.

"போய் உட்காரு. எனக்காகத்தான் நின்னுச்சு," என்றேன்.

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பெட்டிக்குள் திரும்பி, என் தொப்பியை எடுத்து என் கையில் கொடுத்தாள். முன்னால் ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார், ஒழுங்காக இறங்கிவிட்டேன் என்று கையைத் தூக்கிக் காட்டினேன். கதவு மூடியது. பார்ப்லா பள்ளத்துப்பக்க ஜன்னலில், தான் ஒரு தடவைகூடப் போகாத பாதையில், தனியாகப் போனாள்.

கருப்புக் கோட்டோடும் மெல்லிய காலணியோடும் கவாலியாவில் நான் ஒரு மணி நேரம் நின்ற கதையை விவரிக்க வேண்டாம். ரயில்வேயை நான் அன்று திட்டிய திட்டு பனியில் உறைந்து இன்னும் அங்கேயே கிடக்கும்.

அடுத்த வண்டியில் போஸ்கியாவோவில் இறங்கியபோது செராய்னா பிளாட்ஃபாரத்தில் நின்றிருந்தாள், தோளில் குழந்தை, பக்கத்தில் லீவியோ. கோவிலில் எல்லாம் முடிந்திருந்தது. லீவியோதான் என்னைத் தனியே இழுத்து முதலில் சொன்னான். எதிர்பார்த்து நிற்க மாட்டேன் என்ற செராய்னா பத்து மணிக்கே குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாளாம். வண்டி தாமதம் என்றதும், அம்மா வரும்வரை தொடங்கக் கூடாது என்று பாதிரியாருக்கு ஆள் அனுப்பினாளாம். வண்டி வந்தது, கடைசிப் பெட்டியிலிருந்து பார்ப்லா மட்டும் இறங்கினாள். இறங்கிய இடத்திலேயே, கேக்கைக்கூடக் கீழே வைக்காமல், கல்யாணத்தன்று நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை மகளிடம் சொல்லிவிட்டாள். பாதிரியார் இருபது நிமிடம் காத்திருந்தார்.

செராய்னா என் கோட்டுக் கையைப் பிடித்தாள். அழுது ஓய்ந்த முகம்.

"எட்டு வருஷமா அம்மாவுக்கு இவரைப் பிடிக்கலேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன், மாமா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"வெட்கப்பட்டா. நீ நம்ப மாட்டேன்னு நெனச்சா."

"நம்பாம என்ன? பட்டனை அழுத்திட்டு இறங்காம எப்படி இருக்கிறது?" என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டாள். "நானா இருந்தாலும் இறங்கித்தான் இருப்பேன்."

பக்கத்தில் லீவியோ தலையாட்டினான். குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, வீட்டில் அம்மா பார்லி சூப்பைச் சூடு பண்ணிக்கொண்டு எனக்காகக் காத்திருக்கிறாள் என்று சொல்லி, செராய்னா முன்னால் நடந்தாள்.